சனிமூலைக் கால்

நவம்பர் 2, வியாழன்

நேற்றுப் பொழுதோடு செவலை மாடு வேலியைத் தாண்டி முத்தூர் ரோட்டுக்குப் போய்விட்டது. பைக்கில் வந்த ஒருவர் அதன்மேல் மோதி விழுந்துவிட்டார். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறதாம். ஈரோட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாட்டுக்கு விலாவில் சிராய்ப்பு மட்டும். மஞ்சள் அரைத்துப் பூசினேன்.

நாலு நாள் மழையில் மண் இளகிவிட்டது. எங்கள் மேய்ச்சல் காட்டின் வடகிழக்கில், சனிமூலையில், வேலி போடும் ராக்கியப்பன் நட்ட வேலிக்கால் சாய்ந்து கிடந்தது. மூலைக்கால் சாய்ந்தால் ஐந்து கம்பியும் தளர்ந்து தரைக்கு வந்துவிடும். மாட்டைக் குறை சொல்ல முடியாது.

காலையில் பால் சொசைட்டிக்கு வேலைக்குப் போனேன். இரண்டு பேருடைய பாலை ஒன்றாக ஊற்றி டெஸ்ட் பண்ணிவிட்டேன். பதினாலு வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

இந்த டைரியில் இதுவரை சினை ஊசி போட்ட தேதியும் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும்தான் எழுதியிருக்கிறேன். இன்று எழுத உட்கார்ந்துவிட்டேன். சும்மா இருக்க முடியவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வயதில் சின்னவர். மூலையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். "வேலி யாருங்க போட்டது?" என்று கேட்டார். "ராக்கியப்பன்னு ஒரு ஆளு. இந்தப் பக்கம் எல்லாரு காட்டுக்கும் அவன்தான் வேலி போடறது" என்றேன். பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். பொய் எதுவும் சொல்லவில்லை.

அடிபட்டவர் பெயர் கோபிநாத். வயது முப்பத்தொன்று. கொப்பரைக் களத்தில் சூப்பர்வைசர். எங்கள் ஊரிலிருந்து நாலு மைல் தள்ளி, நத்தமேட்டு வலசு. கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகிறதாம். இன்று ஆபரேஷன்.

இன்று மட்டும் மூலைக்கு ஏழெட்டுத் தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போய் என்ன செய்யப்போகிறேன்? கால் சாய்ந்த இடத்தைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன்.

நவம்பர் 4, சனி

மூலைக்குப் புதுக்கால் நட வேண்டும். காங்கயத்தில் சிமெண்ட் கால் விற்கும் இடத்துக்குப் போனேன். கடைக்காரர் ஒரு காலைத் தட்டிக் காட்டி, "உள்ளுக்குள்ள நாலு கம்பி ஓடுதுங்க. கறையான் ஏறாது, துருப் புடிக்காது. உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்றார்.

"மூலைக்கு ஆகுமா?"

"மூலைக்குன்னா கொஞ்சம் தடிசா வாங்கிக்குங்க."

இரும்புக்கடைக்காரர் சிமெண்டே வேண்டாம் என்கிறார். ஆங்கிள் போடச் சொல்கிறார். பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், எங்கள் மண்ணில் உப்பு அதிகம், மண்ணும் காற்றும் சேரும் இடத்தில் ஆங்கிளை ஐந்தே வருடத்தில் அரித்துவிடும், பனைதான் நல்லது என்றார். முற்றிய பனையாக இருக்க வேண்டுமாம். முற்றினதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

மேற்கிலும் தெற்கிலும் இந்தத் தொல்லையே இல்லை. அங்கெல்லாம் கிளுவை மர உயிர்வேலி. கிழக்கிலும் வடக்கிலும் கிளுவைதான் இருந்தது. ரோட்டை அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கம்பி, கல்லுக்கால், இந்த மூலைகள் எல்லாம்.

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 6, திங்கள்

சொசைட்டியில் இதே பேச்சு. பொங்கியண்ணன் கேனை இறக்கி வைத்துக்கொண்டே சொன்னார்: "தீபாவளி கழிச்சு என்ற தென்னந்தோப்புக்கு வேலி போட ராக்கியப்பனத்தான் சொல்லி வெச்சிருந்தேன். வேண்டாம்னுட்டேன். மூலைக்கால் நடத் தெரியாதவன வெச்சு என்ன பண்றது?"

"வயசாயிருச்சு அவனுக்கு. கை ஓயுது" என்றது இன்னொரு குரல்.

"நம்ம மரகதம் நல்ல மனசு. வேற ஆளா இருந்தா அவனை வுட்டுருக்குமா?" என்று என்னைக் காட்டிச் சொன்னார் பொங்கியண்ணன்.

நான் லாக்டோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கியண்ணன் பால் இருபத்தெட்டு காட்டியது. எழுதிக்கொண்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நவம்பர் 8, புதன்

செவலையை இரண்டு கயிற்றில் கட்டினேன். கட்டுத்தரைக் கதவுக்கும் கயிறு போட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

முத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். ராக்கியப்பன் மொபெட்டில் வந்தான். பின்னால் கடப்பாரை கட்டியிருக்கவில்லை. அது இல்லாமல் அவனை நான் பார்த்ததே கிடையாது. வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"அம்மா, மாடு நல்லாருக்குங்களா?"

"நல்லாருக்கு."

"விலாவுல காயம்னு சொன்னாங்க."

"ஆறிப்போச்சு."

வேறெதுவும் கேட்கவில்லை. வண்டியிலும் ஏறவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அது என் பஸ் இல்லை. வெள்ளகோவில் போகிற பஸ். வெள்ளகோவிலில் இறங்கி, அரை மணி நேரம் நின்று, திரும்பி வந்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

வீட்டுக்காரர் வரவில்லை. சத்தீஸ்கரில் போர்வெல் ரிக் வண்டி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறதாம். ஒன்பது மணிக்கு போன் செய்தார். மகள் பெங்களூரிலிருந்து அதற்கு முன்பே பேசிவிட்டாள்.

"மூலைக்கு என்ன பண்ணினே?" என்றார்.

"இன்னும் ஒண்ணும் பண்ணல. சிமெண்ட்டுங்கறாங்க, ஆங்கிள்ங்கறாங்க."

"அதெல்லாம் வேண்டாம். எங்க வண்டில தேஞ்சுபோன போர் ராடு கெடக்குது. ஊருக்கு வர்ற லாரில ரெண்டு போட்டு உடறேன். அத நட்டா யானை வந்து முட்டுனாக்கூட அசையாது."

"அது எப்ப வரும்?"

"வரும், வரும். அவன் எங்க, அந்த ராக்கியப்பன்? அவன் கண்ணுல படட்டும், பேசிக்கறேன். நட்டு ஆறு மாசம் நிக்கல அவன் வெச்ச கால்."

"ஏனுங்க, அந்த மரம்..."

"என்ன மரம்?"

"ஒண்ணுமில்லீங்க. அது தைல மரம்."

"அதான் சொல்றேன். மூலைக்குப் போய் எவனாச்சும் தைல மரம் நடுவானா?"

பலகாரம் சுட்டேன். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். எண்ணெய்ச் சட்டியைக் கழுவி வைத்தேன். ஏற்கெனவே கழுவின பாத்திரங்களையும் எடுத்துக் கழுவினேன்.

மரம் எங்கள் வீட்டு மரம்தான். பழைய மாட்டுக்கொட்டகையைப் பிரித்தபோது மிச்சமானது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 15, புதன்

காங்கயத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தடித்த சிமெண்ட் கால் ஒன்றைச் சனிமூலையில் நட்டு, குழியில் கான்கிரீட் போட்டார்கள். சுறுசுறுப்பான ஆட்கள்தான். ஒருவன் குழி தோண்டும்போதுகூட காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தான்.

"எப்பக் கம்பி இழுப்பீங்க?"

"நாளைக்கே இழுத்தரலாங்க்கா."

"ஈரம் காய வேண்டாமா?"

"அதெல்லாம் ஸ்பீடா செட் ஆயிரும்."

காலைத் தாங்க முட்டுக்கால் கொடுக்கச் சொன்னேன். ஒரு பக்கம் போதும் என்றார்கள். ராக்கியப்பன் எப்போதும் இரண்டு பக்கமும் கொடுப்பான். அதை அவர்களிடம் சொல்ல வாய் வரை வந்தது. பெயரைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 17, வெள்ளி

கம்பி இழுத்த மறுநாளே கால் சாய்ந்துவிட்டது. மண்ணுக்கு ஒரு சாண் மேலே விரிசல் வேறு. விரலை விட்டால் உள்ளே கம்பி தட்டுப்படுகிறது. போன் செய்தால் எடுக்கவில்லை.

மாடுகள் இன்றும் கட்டுத்தரையிலேயே. காட்டில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. நான் அறுத்துக்கொண்டு வந்து போடுகிறேன். செவலை தின்னாமல் என்னையே பார்க்கிறது. மாடு பார்க்கத்தான் செய்யும். அதில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 18, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வைகாசியில் தண்ணீர் லாரி பின்னால் வரும்போது இடித்து, சனிமூலையில் இருந்த கல்லுக்கால் ஒடிந்துவிட்டது. ராக்கியப்பனை வரச் சொன்னேன். வந்து பார்த்துவிட்டு, "எட்டடிக் கல்லு ஒண்ணு சொல்லிருங்கம்மா. ஒரு வாரத்துல வந்துரும்" என்றான்.

"ஒரு வாரம் மாட்டை எங்க கட்டறது? கொட்டாய்ல தைல மரம் கெடக்குதே, அத நடு" என்றேன்.

"மூலைக்கு அது ஆகாதுங்க. நடுவுல இருக்கற காலு கம்பியத் தாங்குனாப் போதும். மூலைக்கால் ரெண்டு பக்கத்து இழுவையும் தாங்கோணும். தைல மரத்துல கறையான் ஏறிருச்சுன்னா மழைக்கு நிக்காது."

"இப்போதைக்கு நடு. ஆடி கழிச்சுக் கல்லு போட்டுக்கலாம்."

"வேண்டாமுங்க."

"நான் சொல்றனல்ல, நடு."

நட்டான்.

ஆவணியில் வந்து கேட்டான், கல் சொல்லிவிட்டீர்களா என்று. பார்க்கலாம் என்றேன். புரட்டாசியில் மறுபடியும் வந்தான். என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், காலைக் கையால் ஆட்டிக் காட்டினான். அடிப்பக்கத்தில் மண்புற்று ஏறியிருந்தது. "மழைக்கு முன்னாடி மாத்திரலாமுங்க" என்றான். அடுத்த வாரம் போன் செய்கிறேன் என்றேன்.

செய்யவில்லை. காரணம் எதுவும் இல்லை. அவ்வளவு வேலையும் இல்லை, கஷ்டமும் இல்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு எங்கள் கூட யாரும் இல்லை. அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பதினேழு நாளாக அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அதுதான் என்னை உட்கார விடாமல் அடிக்கிறது. சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்னவோ. மறுத்திருப்பேன்.

நவம்பர் 20, திங்கள்

நத்தமேட்டு வலசுக்குப் போனேன். கோபிநாத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக் கட்டிலில் படுத்திருந்தார். முழங்காலிலிருந்து கீழே கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. அவர் மனைவி நிவேதா ஒரு சேரை இழுத்துப் போட்டாள்.

"மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்றார் கோபிநாத்.

எல்லோரும் மாட்டைத்தான் கேட்கிறார்கள்.

"எப்ப நடக்கலாம்னாங்க?"

"ஆறு மாசம் ஆகுமுங்க. பழையபடி நடக்க முடியுமான்னு அப்பத்தான் தெரியும்னு சொல்றாங்க."

நிவேதா தலையணையைச் சரியாக நகர்த்தி வைத்தாள். பிறகு அவளே சொன்னாள்: "வேலி போட்ட பெரியவர் ரெண்டு தாட்டி வந்துட்டுப் போனாருங்க. ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா, இங்க ஒருக்கா. வர்றப்ப இளநி கொண்டுட்டு வந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"தப்பு என்னுதும்மான்னு சொன்னாரு. ஆகாதுன்னு தெரிஞ்சும் அந்த மரத்த நட்டுட்டேன், முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கோணும், சொல்லலைன்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலீங்க. ஏன், வேற எதாச்சும் இருக்குதுங்களா?"

என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். கல் வேண்டும் என்று அவர் கேட்டதை, நான் நடச் சொன்னதை, ஆவணியை, புரட்டாசியை, போலீஸ்காரரிடம் பெயரை மட்டும் சொன்னதை.

கோபிநாத் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நிவேதா வெளியே போய் உலர்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாக மடித்தாள்.

"அவரு வந்தப்ப நான் நெம்பப் பேசிட்டனுங்க" என்றாள். "இந்தக் கையில சோறு திங்கறீங்களான்னு கேட்டேன். தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. இப்ப நீங்க வந்து சொல்றீங்க."

"தப்புத்தாம்மா."

"எங்ககிட்ட மட்டும் சொன்னாப் பத்தாதுங்க. யாரு யாரு காதுல அவரு பேரு போச்சோ அவங்க காதுலயெல்லாம் சொல்லோணும். அந்த போலீஸ்காரர் கிட்டயும்."

சரி என்றேன். வாசல் வரைக்கும் அவள் வரவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

காலை, சொசைட்டி. பதினெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருடைய பாலையும் டெஸ்ட் பண்ணி முடித்தேன். கடைசி ஆள் கேனைத் தூக்கும்போது, "ஒரு நிமிசம் எல்லாரும் நில்லுங்க" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"சனிமூலைக்குத் தைல மரம் நடச் சொன்னது நான்தான். கல்லு வேணும்னு ராக்கியண்ணன் மூணு தாட்டி சொன்னாரு. நான் கேக்கல. கை ஓஞ்சுபோச்சு, வேல தெரியலன்னு நீங்க பேசறப்பவெல்லாம் நான் இங்கதான் நின்னுட்டு இருந்தேன்."

ஒரு கேன் மூடி உருண்டது, ஒருவர் குனிந்து எடுத்தார்.

பொங்கியண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "சரி, வுடு அம்மிணி. அவனே ஒண்ணும் சொல்லல. நீ எதுக்கு இழுத்துப் போட்டுக்கறே?"

"நீங்க தோப்பு வேலைக்கு அவரைக் கூப்புடுங்க."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னுதானுங்க நானும் சொன்னேன்" என்றேன். அவர் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தச் சின்னவர் இல்லை. வேறொருவர் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வாசிக்காமலே வாங்கி வைத்துக்கொண்டார். வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடமிருந்து போன். சத்தீஸ்கர் வரைக்கும் செய்தி போயிருக்கிறது.

"உனக்கு என்ன வந்துச்சு? ஊருக்குள்ள போய் எதுக்கு நீயே சொன்னே? நமக்கு எத்தனை கேவலம்."

"கேவலந்தானுங்க."

"ராடு அனுப்பறேன்னேனல்ல?"

"ராடு வேண்டாமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனை வைத்தது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 22, புதன்

ராக்கியப்பன் வீட்டுக்குப் போனேன். நான் இந்த ஊருக்கு வாழ வந்து இருபத்து மூன்று வருடம். அதற்கு முன்பிருந்தே அவர் எங்கள் காட்டுக்கு வேலைக்கு வருகிறார். வீடு எந்தத் தெரு என்று கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவர் மனைவி வெள்ளையம்மா கதவருகிலேயே நின்றுகொண்டாள். வாங்க என்று சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

"உட்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டேதான் பேசினேன்.

"நீங்க ஏன் யாருகிட்டயும் சொல்லலீங்க?"

பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க. மொத ஒரு வாரம் பாத்தேன். பஸ் ஸ்டாப்புல பாத்தேன். அப்புறம் நாஞ் சொல்லி யாரு நம்பப்போறாங்கன்னு வுட்டுட்டேன்."

"எங்களுக்கு இருவது நாளா வேல இல்ல" என்றாள் வெள்ளையம்மா.

"நேத்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"கேள்விப்பட்டனுங்க" என்றார் அவர்.

"மன்னிச்சுக்கங்க" என்று சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுவார் என்று எதிர்பார்த்து நின்றதும் தப்பு. தெருவில் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சிமெண்ட்டு வெச்சீங்களாமா?" என்றார் கடைசியில்.

"அது சாஞ்சுபோச்சு."

"ஈரத்தோட இழுத்திருப்பாங்க."

"நீங்க வந்து வெச்சுத் தருவீங்களா?"

வெள்ளையம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.

"வர்றனுங்க. ஆனா என்ன காலு, எத்தனை ஆழம், எப்பக் கம்பி இழுக்கறதுன்னு நாந்தான் சொல்லுவேன். நடுவுல பேசக் கூடாது. பேசுனீங்கன்னா கடப்பாரைய எடுத்துட்டு வந்துருவேன்."

பேச மாட்டேன் என்றேன்.

நவம்பர் 25, சனி

கல் வந்து இறங்கியிருக்கிறது. ராக்கியப்பன் இன்னும் வரவில்லை. போன் செய்ய மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

நவம்பர் 28, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு வந்தார். கூட ஓர் ஆள். முதலில் கல்லைச் சுற்றி வந்து, சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "உள்ளுக்குள்ள வெடிப்பு இருந்தா மத்து மத்துன்னு கேக்கும். இது கணீர்னுது" என்று கூட வந்தவரிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை.

சிமெண்ட் காலையும் கான்கிரீட்டையும் பெயர்த்து எடுக்கவே பத்து மணி ஆகிவிட்டது. மூன்றடிக்கு மேலே ஆழம். எட்டடிக் கல்லை நிறுத்தி, வெளிப்பக்கம் ஒரு விரல் அளவு சாய்த்து வைத்தார். கம்பி இழுக்கும்போது நேராகிவிடுமாம். ஒரு சட்டி உடைகல், ஒரு சட்டி செம்மண். ஒவ்வொரு சட்டிக்கும் கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து இடி இடி என்று இடித்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள். மறுபடி இடித்தார்கள். மேற்கே ஒரு முட்டுக்கல், தெற்கே ஒன்று. நான் மண் சட்டி எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அவசரம் எனக்குத்தான். இரண்டு தடவை கேட்க வாய் எடுத்தேன், மூடிக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் கம்பி. ஐந்தாவது கம்பியை இழுத்துக் கட்டி, விரலால் சுண்டினார். வேலி நெடுகிலும் ஓடிப்போய் அடங்கியது அந்தச் சத்தம். டீ கொண்டுபோனேன். கூட வந்தவர் குடித்தார். ராக்கியப்பன் தண்ணீர் மட்டும் குடித்தார்.

வேலை செய்துகொண்டே கூட வந்தவரிடம், பொங்கியண்ணன் போன் செய்ததாகவும், தை வரைக்கும் ஆகாது என்று தான் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நத்தமேட்டு வலசிலிருந்தும் அந்தப் புள்ள பேசியதாம். என்ன பேசியது என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது மொபெட்டில் கடப்பாரையைக் கட்டினார். கட்டி முடித்தும் வண்டியை எடுக்கவில்லை. ரோட்டோரமாகத் தெற்கே நடந்து போனார். கம்பி வேலி முடிகிற அந்தக் கடைசி மூலை வரைக்கும் போய், அங்கிருந்த கல்லில் தோளைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"தெக்கால மூலையும் ஆகாதுங்க. அடியில கீறல் உளுந்திருக்குது. இன்னிக்கோ நாளைக்கோ போயிராது. ஒரு வருசம் தாங்கும்."

"ஒரு வருசமா?"

"அதுக்குள்ள ஒருத்தன் வண்டிய உட்டு இடிச்சான்னா இல்ல."

செவலை கட்டுத்தரையில் கத்தியது. கயிற்றை அவிழ்த்து விடச் சொல்லிக் கத்துகிறது. இருபத்தேழு நாளாகக் கட்டிலேயே நிற்கிறது.

நான் போனை எடுத்தேன். கல் விற்பவர் உடனே எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார். "இன்னொரு எட்டடிக் கல்லு வேணுமுங்க. முட்டுக்கல் ரெண்டு. அடுத்த வாரமா? இல்லீங்க, நாளைக்கு. நாளைக்கே லோடு ஏத்துங்க. நான் காட்டுலயே இருப்பேன்" என்றேன்.

ராக்கியப்பன் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு, நான் பேசி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டார். அதற்குப் பிறகுதான் வண்டியை உதைத்தார்.